இடைவெளிக்குப் பிறகு பெரிய டூரிங் பைக்: வாங்குவதற்கு முன் தள்ளிப் பாருங்கள்

பதினைந்து, இருபது வருடம் பைக்கைத் தொடாமல் இருந்துவிட்டு, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மறுபடி ஓட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது சி.சி. எவ்வளவு, எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் முதல் கேள்விகள் அல்ல. பெரிய வண்டி 80 கி.மீ. வேகத்தில் போகும்போது தன்னைத்தானே நேராக வைத்துக்கொள்ளும். அது சாய்வது நிற்கிற நேரத்திலும் ஆள் நடக்கிற வேகத்திலும்தான். பெட்ரோல் பங்கில் திருப்பும்போதும், வாசல் சரிவில் பின்னால் இழுக்கும்போதும், சிக்னலில் மணல் கிடக்கும் இடத்தில் காலை ஊன்றும்போதும் கீழே போகும். அதனால் ஓடுகிற வண்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் நிற்கிற வண்டி உங்கள் கைக்கு அடங்குகிறதா என்று பாருங்கள்.

உங்கள் கையும் காலும் நினைவில் வைத்திருப்பது ஆர்.எக்ஸ். 100 மாதிரி நூறு கிலோ சொச்சம் எடையுள்ள வண்டியை. அது ஒரு பக்கம் சாய்ந்தால் தொடையை முட்டுக்கொடுத்தே நிறுத்திவிடலாம். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியார் 650 என்றால் 241 கிலோ. ஹோண்டா கோல்டு விங் டூர் 400 கிலோவை நெருங்குகிறது, அதைக் கையால் பின்னுக்குத் தள்ள முடியாது என்பதற்காகவே அதில் ரிவர்ஸ் வசதி வைத்திருக்கிறார்கள். இருநூறு கிலோ வண்டி ஒரு கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் எவ்வளவு பலசாலியாலும் பிடிக்க முடியாது. அந்தக் கோணத்துக்குப் போகவிடாமல் வைத்திருப்பதுதான் பெரிய வண்டிக்குத் தேவையான வித்தை.

லைசென்ஸை எடுத்துப் பாருங்கள்

பீரோவில் கிடக்கும் லைசென்ஸில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்ற வகை அதில் இருக்கிறதா. கார் ஓட்டுவதற்கு மட்டும் எடுத்தவர்கள் இது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பல வருடம் இருந்துவிடுவார்கள். இரண்டு, காலாவதித் தேதி. காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்றால் புதுப்பித்துக்கொள்ளலாம், ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்றும் வைக்க வேண்டும். அந்தச் சான்றை வெறும் கையெழுத்தாக வாங்கிக்கொண்டு வராமல் கண்ணை நிஜமாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு மேல் எதிர் வண்டியின் ஹை பீம் கண்ணில் அடித்தபின் பார்வை தெளிய முன்பைவிட அதிக நேரம் பிடிக்கும். இரவில் திண்டுக்கல் சாலையில் இது விளையாட்டு இல்லை. செல்லாத லைசென்ஸோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உள்கால் அளவு

செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தள்ளி, அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள உயரம்தான் உங்கள் உள்கால் அளவு. ஐந்தரை அடி ஆளுக்கு இது 76 செ.மீ. பக்கம் வரும்.

இதை அப்படியே விளம்பரத்தில் போட்டிருக்கும் சீட் உயரத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து இரண்டு, மூன்று செ.மீ. காணாமல் போகும். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் இறங்குவதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், பூட்ஸின் அடிப்பாகம் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். தோராயமாக, உள்கால் அளவைவிட சீட் 2 அல்லது 3 செ.மீ. உயரம் வரை இருந்தால் இரண்டு முன்பாதமும் தரையில் படும். 5, 6 செ.மீ. உயரம் என்றால் நுனிவிரல் அல்லது ஒற்றைக் கால்தான். வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டே இருப்பவருக்கு ஒற்றைக் கால் போதும். இடைவெளி விட்டு வருகிறவர் முதல் வண்டிக்கு இரண்டு முன்பாதமும் படுவதையே கேட்டு வாங்குங்கள்.

76 செ.மீ. ஆளுக்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். மீட்டியார் 350-இன் சீட் 765 மி.மீ., சூப்பர் மீட்டியார் 740, டொமினார் 400-உம் இன்டர்செப்டர் 650-உம் 800-ஐச் சுற்றி. ஹிமாலயன் 450-இல் 825, அதைத் திருகி 845 வரை ஏற்றலாம். கவாஸாகி வெர்ஸிஸ் 650 என்றால் 845, சுஸுகி வி-ஸ்ட்ரோம் 800டி.இ. என்றால் 855. உயரம் குறைந்த சூப்பர் மீட்டியார்தான் இவற்றில் கனமான வண்டியும். கால் தரையில் நன்றாகப் படுவதால் அந்தக் கனத்தை ஓரளவு சமாளிக்கலாம். உயரமும் கனமும் ஒன்றாகச் சேரும் வண்டியை முதல் வருடம் தள்ளிவையுங்கள்.

ஷோரூமில் செய்ய வேண்டிய தள்ளு சோதனை

ஷோரூம் தரை வழவழப்பான டைல்ஸ், மட்டமானது. அங்கே எந்த வண்டியும் லேசாகத்தான் தெரியும். வண்டியை வெளியே, சாலையோரம் கொண்டுவரச் சொல்லுங்கள். தயங்கினால் டெஸ்ட் ரைடு வண்டியில் செய்துகொள்ளலாம்.

இடது பக்கம் நின்று, ஹேண்டில்பாரை நேராக்கி, இடுப்பை டேங்க்கை ஒட்டி வைத்து, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். வண்டி உங்கள் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் ஒரு இடத்தில் கனமே இல்லாததுபோல் நிற்கும். அந்த இடத்தைக் கை கண்டுபிடிக்கும்வரை நிமிர்த்தி நிமிர்த்திப் பாருங்கள். பிறகு பத்து அடி முன்னால், பத்து அடி பின்னால் தள்ளுங்கள். வலது கையின் இரண்டு விரல் எப்போதும் முன் பிரேக்கில் இருக்கட்டும். அடுத்து ஏறி உட்கார்ந்து, லேசான சரிவில் மேல்நோக்கிக் காலால் உந்திப் பின்னால் போக முடிகிறதா பாருங்கள். பலருக்கும் உண்மை தெரிவது இந்த இடத்தில்தான்.

சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். கையால் தூக்க முயன்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டின் நாக்கை மிதித்து, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடுவதை உணர்ந்த பிறகு, முழு உடல் எடையையும் மிதித்த காலில் இறக்க வேண்டும். கை வழிகாட்டினால் போதும், வண்டி தானாக ஏறும். சில வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டு தனியாக வாங்க வேண்டிய பொருள். செயினுக்கு எண்ணெய் விடவும் பஞ்சர் பார்க்கவும் அது வேண்டும், விலை பேசும்போதே சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு அளவு வீட்டில் எடுக்க வேண்டியது. வாசல் கேட்டின் அகலத்தையும் சந்தின் அகலத்தையும் டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். டூரிங் வண்டிகளின் ஹேண்டில்பார் 85 செ.மீ.க்கு மேல் போகும், கண்ணாடியும் கைக்காப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். மூன்றடி கேட் என்றால் 91 செ.மீ.தான், இருபக்கமும் ஒவ்வொரு விரல்கடை மிச்சம். வாசல் சரிவு செங்குத்தாக இருந்தால் இன்ஜினுக்கு அடியில் இடிக்குமா என்றும் பாருங்கள். மதுரை மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் பைக்கை முற்றத்துக்கு ஏற்றுவது தினசரி வேலை. அந்த வேலை தினமும் பயத்தோடு நடந்தால் இரண்டு மாதத்தில் வண்டி தூசி படிந்து நிற்கும்.

எடைக் கணக்கில் ஏமாறாதீர்கள்

விளம்பரத்தில் இரண்டு வகை எடை வரும். ஆயில், பெட்ரோல் எல்லாம் ஊற்றி ஓடத் தயாராக இருக்கும் எடையைத்தான் ஒப்பிட வேண்டும். வெறும் வண்டி எடையைப் போட்டிருந்தால் அதில் பெட்ரோல் மட்டுமே லிட்டருக்கு முக்கால் கிலோ வீதம் கூடும், 20 லிட்டர் டேங்க் என்றால் 15 கிலோ. அதுவும் உயரத்தில் உட்காரும் எடை. நம் பக்கம் நெடுஞ்சாலைகளில் பங்க் இல்லாமல் நூறு கிலோமீட்டர் போக வேண்டிய நிலையே இல்லை, ஆகவே பெரிய டேங்க்குக்காகக் கனமான வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 14, 15 லிட்டர் போதும்.

வண்டி தாங்கும் மொத்த எடை கையேட்டில் இருக்கும். அதிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் சாமானுக்கும் சேர்த்து. உதாரணமாக, மொத்தம் 380, வண்டி 205 என்றால் 175 கிலோ மிச்சம். நீங்கள் 80, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் 8, மனைவி 62, பெட்டி மாட்டும் கம்பியும் காலிப் பெட்டிகளும் 15. பத்து கிலோ துணிமணிதான் வைக்க முடியும். இந்தக் கணக்கைப் போடாமல் மூன்று பெட்டி மாட்டினால் பின் சஸ்பென்ஷன் அடியில் போய் இடிக்கும், முன் சக்கரம் லேசாகி வளைவில் சொன்ன பேச்சைக் கேட்காது, ஹெட்லைட் எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும். ஆள் ஏறும்போது பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது அதன் முன் இறுக்கத்தை, கூட்டி, டயர் காற்றையும் கையேட்டில் இருவருக்கு என்று சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள்.

பின்னால் உட்காரப் போகிறவரை டெஸ்ட் ரைடுக்கே கூட்டிப் போங்கள். புடவையோடு ஒருபக்கம் உட்கார்ந்து கோயிலுக்குப் போய்வருகிற பழக்கம் இந்த வண்டிகளில் நடக்காது. பக்கவாட்டுப் பெட்டியும் சைலென்சரும் இடம் தராது, எடை முழுக்க ஒருபுறம் இறங்குவதால் மெதுவாகத் திருப்பும்போது வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். சுடிதாரோ பேண்ட்டோ போட்டு இருபுறமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். ஏறும் உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி, முட்டி மடங்கும் கோணம் மூன்றையும் அவரே சொல்லட்டும்.

எவ்வளவு பெரிய இன்ஜின்?

நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்சவேகம் 80 கி.மீ. கன்னியாகுமரிக்கும் சேலத்துக்கும் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் அந்த வேகத்தை நாள் முழுக்கத் திணறாமல் பிடிக்க 20 குதிரைத்திறன் உள்ள 350 சி.சி. வண்டியே போதும். இருவர், பெட்டி, மலை என்றால் 40-இலிருந்து 50 வரை சுகம். அதற்கு மேல் உள்ளதெல்லாம் ஆசைக்கு. ஆசை தப்பில்லை, ஆனால் முதல் வருடத்துக்கு அது வேண்டாம். கை பழகாத நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு விரல்கடை கூடுதலாகத் திருகினால் 40 குதிரைத்திறன் வண்டி உறுமும், 100 குதிரைத்திறன் வண்டி எதிரே நிற்கும் பஸ்ஸின் பின்பக்கத்துக்கே கொண்டுபோய்விடும்.

குதிரைத்திறனைவிட, இழுவை இன்ஜினின் எந்தச் சுற்றில் (ஆர்.பி.எம்.) கிடைக்கிறது என்று பாருங்கள். ஹிமாலயன் 450 தன் முழு இழுவையான 40 நியூட்டன் மீட்டரை 5,500 சுற்றில் தருகிறது. கொடைக்கானல் வளைவுகளில் இரண்டாவது கியரில் சுற்றை இறங்கவிட்டால் தட்டிக்கொண்டு நின்றுபோகும், முதல் கியருக்கு வரத் தயங்கக் கூடாது. இன்டர்செப்டர் 650-இன் இரட்டை சிலிண்டர் 52 நியூட்டன் மீட்டரைத் தருவதோடு, கீழ்ச் சுற்றிலேயே தாராளமாக இழுக்கும், கியர் மாற்றத் தவறினாலும் மன்னிக்கும். திரும்பி வருகிறவருக்கு அந்த மன்னிக்கும் குணம் பெரிய வரம்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் கட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத பெரிய வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம், ஆனால் அதற்கு முந்தைய பழைய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

டியூப்லெஸ் டயரா என்று கேளுங்கள். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் கிட் வைத்துப் பத்து நிமிடத்தில் நீங்களே அடைத்துவிட்டுப் போகலாம். ஸ்போக் சக்கரத்தில் டியூப் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும், 200 கிலோ வண்டியைத் தூக்கி நிறுத்தவும் வேண்டும். ஒரே மாடலிலேயே டியூப் வகையும் டியூப்லெஸ் வகையும் விற்பதுண்டு, சில ஆயிரம் கூட என்றாலும் டியூப்லெஸ்ஸை எடுங்கள்.

விலையில் வரி பெரிய பங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை உள்ள பைக்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 349 சி.சி. வண்டிகள் அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கின்றன. ஆக, 350 சி.சி.யைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்கு அல்ல, உண்மையான தேவை இருந்தால் மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டுங்கள். வண்டிக்கென்று வைத்த பணத்தில் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் நான்கையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். பரண்மேல் கிடக்கும் பழைய ஹெல்மெட்டின் உள்நுரை இறுகிப் போயிருக்கும், அதைப் போடக் கூடாது. ஜாக்கெட் வலைத்துணியாக இருக்கட்டும். மற்றதை மதுரை வெயிலில் ஒரு வாரம் போட்டுவிட்டுக் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

சர்வீஸ் எங்கே என்பதையும் வாங்குமுன் கேளுங்கள். ஊரிலேயே பட்டறை இருக்கும் வண்டிக்கும், ஒவ்வொரு சர்வீஸுக்கும் கோயம்புத்தூருக்கு இருநூறு கிலோமீட்டர் போக வேண்டிய வண்டிக்கும் மூன்று வருடத்தில் பெரிய வித்தியாசம் வரும். பிரேக் பேட், கிளட்ச் கேபிள், ஆயில் ஃபில்டர் மூன்றும் கையிருப்பில் உண்டா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று ஷோரூமில் அல்ல, பட்டறையில் விசாரியுங்கள்.

டெஸ்ட் ரைடு: வெயிலில் கேளுங்கள்

காலை ஏழு மணிக்கு எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மத்தியானம் இரண்டு மணிக்கு, கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்து பாருங்கள். தண்ணீரால் குளிரும் இன்ஜினில் ஃபேன் சுற்றத் தொடங்கியதும் அந்தச் சூட்டுக் காற்று முழங்காலுக்குக் கீழே எங்கே அடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அதன்பின் ரிங் ரோடுக்குப் போய் 80-இல் பிடித்து, கையில் அதிர்வு ஏறுகிறதா, காற்று நெஞ்சில் அடிக்கிறதா, கண்ணாடித் தடுப்புக்கு மேலே ஹெல்மெட்டில் உதறுகிறதா என்று பாருங்கள். குறைந்தது நாற்பது நிமிடம் வேண்டும். பத்து நிமிடத்தில் மணிக்கட்டும் இடுப்பும் உண்மையைச் சொல்லாது.

கியரில் ஒரு எச்சரிக்கை. பழைய புல்லட்டில் வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும். அதில் ஊறிய கால், பதற்றத்தில் இன்றைய வண்டியிலும் இடது காலை அழுத்தும். பிரேக் விழாது, கியர்தான் இறங்கும். முன்பக்கம் மிதித்தே எல்லாக் கியரையும் ஏற்றும் 100 சி.சி. வண்டியில் பழகியவர் கதையும் அதுதான். இப்போதைய பெரிய வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை எல்லாம் மேலே. மேல் கியர் போடுவதாக நினைத்து மிதித்தால் கீழ் கியர் விழுந்து பின் சக்கரம் ஒரு நொடி கட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி வைத்தே, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது முறை மாற்றிப் பழகுங்கள்.

பழைய வண்டி வாங்குவதானால்

இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் செயின் டென்ஷனர் சத்தமும் கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆவதும் வெளிப்படும்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை விரல் நுனியால் மெல்ல இடமும் வலமும் ஆட்டுங்கள். நடுவில் ஒரு குழியில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டுங்கள். சின்னப் புள்ளி அரிப்பு தட்டுப்பட்டால் எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் ஒழுகும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பக்கத்தில் செயினை வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரிகிற அளவு விலகினால் செயின் செட் விலையைக் கழித்துப் பேசலாம். பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன்மீதே பொறித்திருக்கும். ஓரத்தில் விளிம்பு எழும்பியிருந்தால் அளந்து பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது.

கிலோமீட்டர் குறைவு என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஐந்து வருடத்தில் 4,000 கி.மீ. மட்டும் ஓடிய வண்டி கவனித்த வண்டி என்று அர்த்தமில்லை, நின்ற வண்டி என்றுதான் அர்த்தம். டயர் கல்லாகியிருக்கும், பிரேக் ஆயில் ஈரம் குடித்துக் கறுத்திருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்க்கின் அடியில் தண்ணீரைச் சேர்த்துத் துரு பிடிக்க வைத்திருக்கும். டார்ச் அடித்து டேங்க்குக்குள் பாருங்கள். வருடம் எட்டாயிரம் ஓடி, சர்வீஸ் பில் ஒழுங்காக இருக்கும் வண்டி இதைவிட மேல்.

ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டிமேல் கடன்) பதிவு இருந்தால் ஃபார்ம் 35-உம் வங்கிக் கடிதமும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. மதுரையின் டி.என். 58, 59, 64 பதிவுகள் என்றால் வேலை எளிது. பெங்களூரு வண்டி மலிவாகத் தெரியும், ஆனால் அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே மறுபடி ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கூட்டிய பிறகு மலிவா என்று பாருங்கள். சட்டக எண்ணை வண்டியில் கண்ணால் பார்த்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

விழுந்தால் தூக்குவது எப்படி

ஒருநாள் விழும். அதற்குத் தயாராக இருப்பவர் இடுப்பைக் காப்பாற்றிக்கொள்வார். முதலில் கில் சுவிட்சைத் தட்டி இன்ஜினை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கி வையுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். முதல் கியர் போட முடிந்தால் போடுங்கள், உருளாது. ஹேண்டில்பாரை விழுந்த பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் புட்டத்தைப் பதித்து, ஒரு கையால் கீழே இருக்கும் கிரிப்பையும் இன்னொரு கையால் பின்கம்பியையும் பிடியுங்கள். முதுகு நேராக இருக்க வேண்டும். குனிந்து தூக்காமல், கால் பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி உங்களோடு எழும். பழைய மெத்தையை விரித்து, ஒரு துணை ஆளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். எழுப்ப முடியவில்லை என்றால் அந்த வண்டி இப்போதைக்கு உங்களுக்கு இல்லை.

விழ வைக்கும் காரணங்களில் முதலிடம், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. நடக்கிற வேகத்தில் அது வண்டியைக் கீழே தள்ளிவிடும். மெதுவாகத் திருப்பும்போது பாதி பிடித்த கிளட்ச், சீரான ஆக்ஸிலரேட்டர், பின் பிரேக், இந்த மூன்றுதான். கண் போகிற இடத்தையே பார்க்க வேண்டும், தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவீர்கள். நேராகப் போய் நிறுத்தும்போதோ கதை வேறு. பலமாக நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பழைய டிரம் பிரேக் பழக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் நிற்காது.

நிறுத்தும்போது மூக்கைச் சுவர் பக்கம், இறக்கமாக வைத்து நிறுத்தாதீர்கள். எடுக்கும்போது மேட்டில் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கும், அங்கேதான் பலர் விழுகிறார்கள். சித்திரை வெயிலில் தார் இளகிச் சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதையும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி படுத்திருக்கும். ஒரு லிட்டர் பெயின்ட் டப்பாவின் தகர மூடியைப் பையில் போட்டு வையுங்கள், ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க அது போதும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

முதல் நான்கைந்து நாள் ஆளில்லாத மைதானம், காலை ஆறு மணி. ஆறு மீட்டர் அகலத்தில் யூ டர்ன், எட்டுப் போடுவது, 30, 40, 50 என்று வேகம் ஏற்றி ஏ.பி.எஸ். துடிப்பது லீவரில் தெரியும்வரை பிரேக் பிடிப்பது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 40-இல் நிற்க எவ்வளவு ஓடியது என்று கல் வைத்து அளந்தால் 80-இன் தூரம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அடுத்து அழகர்கோவில் சாலையில் போய்வருவது, ஒரு வழிக்கு 20 கி.மீ. சொச்சம், விடியற்காலையில். அதன்பின் நத்தம். பிறகு ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம், சமவெளியில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க அது நல்ல பாதை. ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கித் தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மலையைக் கடைசியாக வையுங்கள். திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சிறுமலை தொடங்குவதற்கு ஏற்றது, 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் கிளட்ச் பிடித்தால் வண்டி தொய்ந்து சாயும். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். பஸ் வளைவை அடைத்துக்கொண்டு வந்தால் நேரான இடத்திலேயே நின்று வழிவிடுங்கள், சரிவில் திரும்பிய நிலையில் நிற்க நேரக் கூடாது. அது பழகிய பிறகு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலும், போடிமெட்டும்.

500 கி.மீ.க்கு ஒருமுறை செயினைத் துடைத்து, ஓடிச் சூடாக இருக்கும்போதே செயின் எண்ணெய் விடுங்கள். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெட்டுப்போகும்.

தெற்கே போவதானால் மாதத்தைப் பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஆரல்வாய்மொழிக் கணவாயில் வெறும் பழமொழி இல்லை. காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. பக்கக் காற்று உயரமான வண்டியையும் அதன் மேல்பெட்டியையும் பாய்மரம்போல் தள்ளும். லாரியைத் தாண்டும்போது லாரியின் மறைவில் காற்று நின்று, வெளியே வந்ததும் ஒரே அடியாக அடிக்கும். வேகத்தை 60-க்குக் குறைத்து, முழங்காலால் டேங்க்கைப் பிடித்துக்கொண்டு, கையை இறுக்காமல் விடுங்கள். கை இறுகினால் காற்றின் உதறல் முழுக்க ஹேண்டில்பாருக்குப் போகும். ஆனி முதல் ஆவணி வரை அந்தப் பக்கம் போகும்போது மேல்பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, சாமானைப் பக்கப் பைகளில் தாழ்வாகக் கட்டிக்கொண்டு போங்கள்.